சொல்ல வந்தவர்கள்

கதவைத் திறந்தாள். மூன்று பேர் நின்றார்கள்.

பெரியப்பா. ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் ஷோல்பான் அத்தை, அப்பாவின் அக்கா.

மூவர் தோளிலும் பனி. யாரும் சிரிக்கவில்லை.

அவள் சிரித்தாள். வாங்க வாங்க என்றாள். இப்படித் திடீரென்று அஸ்தானாவுக்கு வந்து நிற்கிறீர்களே என்று ஆச்சரியம்கூடப் பட்டாள். நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு.

கஸாக் குடும்பங்களில் சாவைத் தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள். வெளியூரில் இருக்கும் மகளிடம் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். பெரியவர்கள் நேரில் வருவார்கள். தேநீர் குடிப்பார்கள். பனி, ரயில், குதிரை என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள்.

அவள் தேநீர் போட்டாள். பால் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள்.

பெரியப்பா ரயிலைப் பற்றிப் பேசினார். பதினாலு மணி நேரம். வண்டியில் சூடு போதவில்லையாம். அத்தை கோப்பையைத் தொடவே இல்லை.

அவர்கள் எங்கே வந்து சேரப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

முந்தாநாள் புதன்கிழமையே தெரியும்.

சித்தப்பா மகன் தன் குழந்தையைச் சறுக்குவண்டியில் உட்கார வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். குழந்தைக்குப் பின்னால் ஊரில் அவளுடைய வீட்டு முற்றம். முற்றத்தில் வெள்ளைக் கம்பளிக் கூடாரம்.

ஜனவரிப் பனியில் விருந்துக்கு யாரும் கூடாரம் அடிப்பதில்லை. அவர்கள் ஊரில் அது ஒன்றுக்குத்தான். இறந்தவரை உள்ளே கிடத்த.

அப்பாவுக்குப் போன அக்டோபரிலிருந்தே நுரையீரல் சரியில்லை. வேறு யாராக இருக்கும்?

ஐந்தே நிமிடத்தில் படத்தைக் காணோம். யாரோ அவனைத் திட்டியிருக்க வேண்டும்.

அம்மாவை ஃபோனில் கூப்பிட்டாள். அப்பா தூங்குகிறார் என்றாள் அம்மா. குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்றாள். நாளைக்கு நேர்முகத் தேர்வு, போய்ப் படி என்றாள்.

கூடாரம் எதுக்கும்மா? இந்த ஒன்றைக் கேட்டிருந்தால் போதும். அம்மாவுக்கு அதற்கு மேல் பொய் வராது. மாலை நாலு மணிக்கு ரயில் இருந்தது. ஏறியிருந்தால் விடியும்போது வீடு.

கேட்கவில்லை.

கேட்டால் போக வேண்டியிருக்கும்.

பொது நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பு. அரசு உதவித்தொகை. ஏற்கெனவே இரண்டு தடவை நேர்முகத்தில் கோட்டை விட்டவள். வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. மாவட்ட அலுவலகத்தில் ஆறு வருடம் யாரோ எழுதியதற்கு முத்திரை குத்திக் குத்திக் கை மரத்துப் போயிருந்தது.

சரிம்மா என்று வைத்தாள். பிறகு ஃபோனையே அணைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஐந்து பேருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மக்கள் பணிக்கு ஏன் வர நினைக்கிறாய் என்று கேட்டார்கள்.

முப்பதுகளில் சோவியத் ஆட்சியில் வந்த பஞ்சத்தைச் சொன்னாள். அதிகாரிகள் மந்தைகளைப் பறித்து ஓட்டிக்கொண்டு போனதை, லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்ததைச் சொன்னாள். கொள்ளுத்தாத்தா வீட்டில் ஒன்பது பேர். மிஞ்சியவர் அவர் மட்டும். மற்ற எட்டுப் பேரின் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அப்பா சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

எத்தனை பேர் செத்தார்கள் என்று அன்றைக்கு ஒரு அதிகாரியும் கேட்கவில்லை, நான் கேட்கிற அதிகாரியாக இருக்க வேண்டும் என்றாள்.

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

வெளியே வரும்போதே தேறிவிட்டோம் என்று தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. இதை எங்கே போய்ச் சொல்வது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெரியப்பா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உங்கப்பா போயிட்டாரும்மா."

செவ்வாய்க்கிழமை என்றார். தேர்வு முடிகிறவரை அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினாராம். அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்துவிட்டோம், எங்களை மன்னித்துவிடு என்று அந்த எழுபத்தாறு வயது மனிதர் அவள் முன்னால் தலை குனிந்தார்.

அவளிடம்.

பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போயிருப்பாள்.

அத்தை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தாள். மகள்தான் ஒப்பாரி எடுக்க வேண்டும். எடுத்தாள்.

அப்பாவின் பெயர் வந்தது. அவருக்கு முந்தைய ஏழு தலைமுறைப் பெயர்களும் வரிசையாக வந்தன. பள்ளிக்கூடத்தில் அவர் வரலாறு சொல்லிக்கொடுத்தது, மாடு மேய்க்கிற பிள்ளைகளைத் தேடிப் போய் வகுப்புக்குக் கூட்டி வந்தது, மகள் படிப்புக்காகக் கருங்குதிரையை விற்றுவிட்டு ஒரு வாரம் லாயத்துப் பக்கமே போகாமல் இருந்தது, எல்லாம் அடி அடியாக வந்தன. எதுகை தவறவில்லை. எங்கும் தட்டவில்லை.

ஊர்ப் பெரியவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெற்றால் இப்படி ஒரு மகளைப் பெற வேண்டும் என்றார் பெரியப்பா.

அத்தை அழுவதை நிறுத்தினாள்.

அத்தை எத்தனையோ சாவு வீடுகளில் ஒப்பாரி எடுத்தவள். செய்தி காதில் விழுந்ததும் யாருக்கும் பாட்டு வராது. ஐயோ வரும். அப்பா வரும். பாட்டு சேர்வதற்கு இரண்டு நாளாவது ஆகும்.

முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

காதோடு கேட்டாள்.

"என்னைக்கும்மா தெரியும்?"

"புதன்கிழமை."

அத்தை அவளை விடவில்லை. ஆண்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அன்னைக்கே எடுத்திருப்போம். சொல்லாட்டியும் பொண்ணுக்கு மனசுல தோணும், வந்துருவான்னு உங்கம்மாதான் வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தா."