ஞாயிற்றுக்கிழமைச் சூடு

பிக்கப்பின் பானட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது.

"மறுபடியும் சூடாயிடுச்சு மச்சான்" என்றார் அக்காவின் கணவர், ஏதோ தானே சூடாகிவிட்டது போன்ற குற்ற உணர்வோடு.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே கோளாறோடு ஒரே வண்டி நாலைந்து ஞாயிறாகப் பட்டறை வாசலில் வந்து நின்றால், பார்க்கிறவர்கள் வண்டியையா குறை சொல்வார்கள்?

அக்காவைக் கட்டிக்கொண்ட காலத்திலிருந்தே அவருடைய டீசல் வண்டிக்கு நான்தான் வைத்தியன். பக்கத்து ஊரில் சரக்கு ஏற்றி இறக்குவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. இன்னும் ஒருமுறை தண்ணீரில்லாமல் நன்றாகக் காய்ந்தால் இன்ஜின் ஹெட் வளைந்துவிடும். இந்தப் பழைய மாடலுக்கு இன்னொரு ஹெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. வண்டி படுத்தால் அவரும் படுக்க வேண்டியதுதான்.

இதைப் படித்துப் படித்துச் சொல்லியாயிற்று. தலையை மட்டும் ஆட்டுவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு.

இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் பாதிக்குக் கீழே கிடந்தது. அது தெரிந்த கதை. எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை.

போன வாரங்களில் நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ரேடியேட்டர் இடுக்கில் அடைந்திருந்த பூச்சியையும் தூசியையும் பீய்ச்சிக் கழுவினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அம்மாவின் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு, திறக்கிறதா என்று பார்த்தேன். ஒழுங்காகத் திறந்தது. அம்மாவிடம் வாங்கிய திட்டுதான் மிச்சம். ஃபேன் பெல்ட்டை மாற்றினேன். வாட்டர் பம்ப் ஒழுகவில்லை. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும், ஆயில் பால் கலந்ததுபோல வெளுக்கும். இரண்டும் இல்லை.

என் கையில் வண்டி தங்கமாக ஓடும். மேட்டில் ஏற்றினாலும் சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையாது. வாரம் முழுக்க அவர் சரக்கு ஏற்றி ஓட்டுவார், ஒரு புகாரும் இருக்காது. ஞாயிறு காலையில் இங்கே வரும்போது மட்டும் புகைந்துகொண்டு வரும்.

எனக்கும் அதற்கும் என்ன ஜென்மப் பகையோ.

இன்ஜின் ஆற ஒரு மணி நேரம் போதும். அவர் கிளம்பச் சாயங்காலம் ஆகிவிடும். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. போய் உட்கார்ந்தால் அம்மா போடப் போடச் சாப்பிடுவார். பிறகு ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் மட்டும் விடுமுறை நாளில் வண்டிக்கடியில் கிடப்பேன்.

இன்றும் டார்ச்சோடு கீழே போனேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் அருகே, கூலன்ட் கலந்த தண்ணீர் சிந்திக் காய்ந்தும் காயாத பச்சைக் கறை. ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்பை அசைத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

ஆனால் அதன் திருகில் புதிதாகக் கீறல் விழுந்து பளபளத்தது.

நான் கிளாம்பை ஸ்பானரால்தான் திருகுவேன். ஸ்க்ரூடிரைவர் நழுவினால் ஹோஸைக் கிழித்துவிடும். யாரோ ஸ்க்ரூடிரைவரால் தளர்த்தி, தண்ணீரை இறக்கிவிட்டு, மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். இந்த வண்டியில் தண்ணீர் இறக்கும் திருகு துருப்பிடித்து இறுகிப்போய் வெகுகாலம் ஆகிறது. அது தெரிந்தவன்தான் இந்த ஹோஸில் கை வைப்பான்.

யாரோ என்ன யாரோ. சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது.

சொந்தப் பிழைப்புக்குத் தன் கையாலேயே கொள்ளி வைக்கிற ஆளை என்னதான் செய்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் வெளியே வந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன் மாமா. இனிமே சூடாகாது."

வண்டி சரியாகிவிட்டதென்று முகம் விழுந்துபோன ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"சூடே ஆகாதா?" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா, "மாப்பிள்ளையைக் கூப்பிடுடா, சோறு ஆறுது" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொன்னால்தான் எழலாம் என்பது போல.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அவள் இருந்தவரை ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் வருவார்கள். அதன்பிறகு மாதக்கணக்கில் அவர் தலையே காட்டவில்லை. எங்கள் துக்கத்தில் நாங்களும் கூப்பிடவில்லை. அக்கா இல்லாமல் இந்த வீட்டுக்கு அவர் யார் என்று எங்களில் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. அவர் யோசித்திருக்கிறார். அப்புறம்தான் வண்டி சூடாக ஆரம்பித்திருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தைத்தான் காட்டத் தெரிந்தது.

"அந்த ஹோஸ்ல இனி கை வச்சீங்கன்னா ஹெட் போயிடும், சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை சும்மா வாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். வண்டியை வீட்டுல விட்டுட்டு பஸ்ல வாங்க மாமா."