குளக்கரை வீட்டுக்கு வந்த நாலாம் ஆள்

“கால் தடம் ஒண்டும் தெரியக்கூடாது. வடிவாக் கூட்டுங்கோ,” என்று விமலேஸ்வரி அடிக்குரலில் உத்தரவு போட்டாள்.

புருசன் தில்லைநாதன் விளக்குமாற்றோடு பின் வளவெல்லாம் ஓடி ஓடிக் கூட்டினார். அவள் ஓலைக் கடகத்தை இடுப்பில் வைத்து, மூக்கைப் பொத்தியபடி நாலு தரம் வேலிக்கு அப்பால் போய் வந்தாள். கொலை செய்தவர்கள்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

எல்லாம் யானை பார்த்த வேலை. கிழமைக்கு இரண்டு தரம் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு நேரே இவர்கள் வளவுக்கு வரும். வாழையை முறிக்கும், குசினிச் சுவரை இடிக்கும், நெல் மூட்டையை இழுக்கும், போகும்போது லத்தியும் போட்டுவிட்டுப் போகும்.

வவுனியாவில் இருக்கும் மகள் சுதாஜினி, “வீட்டை வித்துப்போட்டு என்னோட வந்திருங்கோ அம்மா,” என்று சொல்லாத நாளில்லை. பேத்தி பிறந்து எட்டு மாதம். விமலேஸ்வரி அவளைத் தூக்கியது இரண்டே தரம்தான். வீட்டைத் தனியே விட்டுப் போனால் திரும்பி வரும்போது கூரை இருக்குமோ என்ற பயம்.

வீடு வாங்க முன்பு வந்த மூன்று பேரும், யானை என்றதும் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் ஓடினார்கள். அவர்களிடம் யானைக் கதையை அவிழ்த்தவர் தில்லைநாதன்தான். மனுசன் அரிச்சந்திரனின் மறுபிறப்பு.

“இண்டைக்கு வாயைத் திறந்தியளோ, பிறகு நான் மனுசியா இருக்க மாட்டன்,” என்று அவள் எச்சரித்து முடிக்கவும் வாசலில் வான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

இறங்கியவன் பெயர் சுகிர்தன். கனடாக்காரன். கழுத்தில் முழங்கை நீளத்தில் ஒரு கமரா தொங்கியது. கனடாவில் கொஞ்சம் வசதியானவர்கள் வாவிக்கரையில் ஒரு கோடை வீடு வைத்திருப்பார்களாம். இவனுக்கு அதைச் சொந்த மண்ணில் வைத்திருக்க ஆசையாம்.

குளத்தையும் தாமரையையும் நீர்க்காகத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். “விலையில பிரச்சினை இல்லை அக்கா,” என்றான். விமலேஸ்வரிக்குப் பேத்தி அப்போதே மடியில் வந்து இருந்துவிட்டாள்.

அடுத்த கேள்வியில் அவள் நெஞ்சு பக்கென்றது. “இஞ்சால யானை வாறதோ அக்கா?”

“யானையோ! இருபது வருசமா இஞ்ச இருக்கிறம், படத்திலதான் பாத்திருக்கிறம் தம்பி.”

அவன் முகம் சுருங்கியது. ஆள் நம்பவில்லை என்று அவளுக்குப் பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவள் ஒரு முழு யானையை மறைக்க வேண்டியிருந்தது.

இடிந்த குசினிச் சுவரைக் கண்டதும் சுகிர்தன் ஓடிப்போய் நாலு படம் எடுத்தான். “இது என்னெண்டு இடிஞ்சது?”

“இவர் டிராக்டரைப் பின்னுக்கு எடுக்கேக்க கொண்டுபோய் அடிச்சவர்.”

அவன் எடுத்த நாலு படங்களையும் அழித்தான்.

தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். “தம்பி, உண்மையைச் சொன்னா…”

“உண்மையைச் சொன்னா இவருக்கு விடியத் துவங்கித் தலைச்சுத்து,” என்று விமலேஸ்வரி குறுக்கே பாய்ந்தாள். “நீங்கள் போய்ப் படுங்கோ.”

சுகிர்தன் விடவில்லை. “வீடு காட்டிவிட்ட தரகர் சதீஸ், யானை கட்டாயம் வருமெண்டெல்லோ சொன்னவர்?”

“அவனுக்கு எங்களோட கோபம். நீங்கள் வாங்கோ!” என்று அவனைக் குளக்கட்டு மருத மரத்தடிப் பிள்ளையாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கற்பூரத்தைக் கொளுத்தினாள். படாரென்று அதில் அடித்து அணைத்தாள்.

“இந்தப் பிள்ளையாராணை, எங்கட வளவில யானை கால் வச்சதில்லை!”

பிள்ளையாரின் தும்பிக்கையைப் பார்க்கத் துணிவில்லாமல், அவருடைய எலியைப் பார்த்தபடிதான் சத்தியம் செய்தாள். நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன், பேத்திக்காக இந்த ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ளும் என்று மனதுக்குள் கெஞ்சினாள். பின்னால் வந்த தில்லைநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சுகிர்தன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். கமராவைக் கழற்றிப் பையில் வைத்தான்.

“அப்ப சரி அக்கா. பிள்ளையாரில சத்தியம் பண்ணிச் சொல்லுறியள். இனி நான் என்ன கதைக்கிறது?”

விமலேஸ்வரிக்கு உச்சி குளிர்ந்தது. ‘பார்த்தியளா என்ர கெட்டித்தனத்தை’ என்பதுபோல் புருசனைப் பார்த்தாள். வீட்டுக்கு முன்னே ஓடிப்போய் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ தம்பி, வீட்டு உறுதி எப்ப எழுதுவம்?” என்று கேட்டாள்.

அவன் இருக்கவில்லை. வான் கதவைத் திறந்துகொண்டு திரும்பினான்.

“வீடு வடிவு, குளம் அதைவிட வடிவு. ஆனா என்ர பிள்ளையள் ரெண்டும் விறாந்தையில இருந்து யானை பாக்கோணுமெண்டு ஒற்றைக்காலில நிக்குதுகள்,” என்றான் பாவமாக.

“அக்கம்பக்கத்தில யானை வாற வீடு ஆரும் விக்கிறதெண்டாச் சொல்லுங்கோ அக்கா.”