தோழிக்கு ஒரு கதை

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே சாய்ந்து விழுகிறது. பதினேழு வயது அக்கா தன் பெரிய அளவுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். கட்டிலில் குப்புறப் படுத்திருக்கும் தங்கை, நூலகத்தில் எடுத்த காதல் நாவலை உரக்கப் படிக்கிறாள். கொடியிடை நாயகி மழையில் நனைந்து வருகிறாள். "அவளுடைய குண்டுத் தோழி நாற்காலியில் உட்கார்ந்ததும்..." தங்கை சட்டென்று நிறுத்தி, அடுத்த பத்திக்குத் தாவுகிறாள். "முழுங்காதடி. நாற்காலி உடைஞ்சுதுதானே? எல்லாக் கதையிலயும் உடையும்," என்கிறாள் அக்கா. தங்கை அசடு வழிகிறாள். "சரி, கடைசியில அவளுக்கு யாராவது கிடைச்சாங்களா?" தங்கை பக்கங்களைப் புரட்டுகிறாள், கடைசி அட்டைவரை புரட்டுகிறாள். "அதுக்கப்புறம் அவ வரவே இல்லக்கா." இஸ்திரிப் பெட்டி மறுபடி நகர்கிறது, கொஞ்சம் அழுத்தமாக. சூடான துணியின் வாசனை அறையில் பரவுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை தொண்டையைச் செருமிக்கொண்டு, படிப்பதுபோலவே சொல்லத் தொடங்குகிறாள்: "அன்னிக்கு சாயங்காலம் அந்தத் தோழி பஸ்ஸுக்காக நின்னுட்டிருந்தா. பக்கத்துல ஒருத்தன் வந்து நின்னான்..." புத்தகம் அவள் முழங்கையின் கீழ் மூடிக் கிடக்கிறது. அக்கா அதைப் பார்க்கிறாள். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்கிறாள். "அவன் பார்க்க எப்படி இருக்கான்?" என்கிறாள்.