பாதி விலைச் சீட்டு

மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டு முடித்த செங்கமலம், வாசல் தூண் மறைவில் நின்று, சேமியா பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிற 'பாதி விலை' சீட்டை நகத்தால் சுரண்டுகிறாள். விலைவாசி ஏறிய நாளிலிருந்து, கச்சிராயபாளையத்தில் யாருக்கும் தெரியக் கூடாதென்றே டவுன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வருகிறாள். மாலை வெயிலில் சீட்டு பாதி கிழிந்து பல்லிளிக்கிறது. வளையல் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், அவள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் ஜெயசுதா. செங்கமலம் பாக்கெட்டை முந்தானைக்குள் மறைக்கிறாள். ஜெயசுதா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து குட்டி எண்ணெய் பாட்டிலை எடுத்து நீட்டுகிறாள். "சொரண்டாதீங்கம்மா. ரெண்டு சொட்டு தடவுங்க, தானா வந்துடும். நானும் அப்டி எடுத்துட்டுத்தான் வூட்டுக்குப் போறேன்." அடைத்திருந்த மூச்சு செங்கமலத்துக்குச் சிரிப்பாக வெளியேறுகிறது. "பையில இன்னும் நாலு பாக்கெட்டு கீது, புடி."