பாதி விலை

காலை ஆறேகால் மணி. மூன்று போலீஸார். அனுமந்தையில் உப்பளம் வைத்திருக்கும் தெய்வசிகாமணியின் வீடு.

"வாசல்ல நிக்கிற கார் யாருது?"

"என்னுதுதான். ஏன்?"

"திருட்டு வண்டி. சாவியக் குடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வாங்க."

ஊர்க் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாதவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். எதிர்வீட்டுச் சேட்டு அதைச் செல்போனில் படம் பிடித்தான்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் சரஸ்வதி ஒரு போட்டோவைக் காட்டினார்.

"உங்க வண்டியில சேஸிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடம் இது. நம்பர் எங்க?"

"துரு மேடம். எல்லாம் உப்புக் காத்து. எங்க ஊர்ல கதவுக் கொண்டியே ரெண்டு வருஷம் தாங்காது."

"இது துரு இல்ல. அரத்தால ராவியிருக்காங்க."

"நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. துருன்னு நெனச்சிட்டேன்."

"பாதி விலைக்கு வாங்கியிருக்கீங்க. பாதி விலைக்கு வாங்கினவருக்குத் தெரியாம இருக்குமா?"

தெய்வசிகாமணி கையெடுத்துக் கும்பிட்டார். "விலை கம்மியா வாங்கினது ஒரு குத்தமா மேடம்? நானே ஏமாந்து நிக்கிறேன். என்னைப் போய்த் திருடன் மாதிரி கேக்குறீங்களே!"

பத்து மணிக்குத் திண்டிவனத்திலிருந்து வக்கீல் சித்தார்த்தன் வந்தார். ஸ்டேஷனுக்கு வெளியே வேப்ப மர நிழலில் நின்று பேசினார்கள். தெய்வசிகாமணியின் மனைவி விஜயலட்சுமியும் உடன் இருந்தாள்.

"அண்ணே, காரை மறந்துடுங்க. எவ்வளவு குடுத்து வாங்கியிருந்தாலும் திருட்டுப் பொருள் உங்களுக்குச் சொந்தம் ஆகாது. பறிகொடுத்தவர் கோர்ட்ல மனுப் போட்டு எடுத்துட்டுப் போயிடுவார்."

"அப்ப என் பணம்?"

"வித்தவன் மேல மோசடிப் புகார் குடுக்கலாம். பணத்துக்குத் தனியா கேஸ் போடலாம். அது உங்க உரிமை."

"முதலியார்சாவடி புரோக்கர்தான் வித்தான். காலைலேர்ந்து அவன் போன் சுவிட்ச் ஆஃப்."

"அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல நீங்க தப்பிக்கணும். தெரிஞ்சு வாங்கியிருந்தா நீங்களும் குத்தவாளி. தெரியாம வாங்கியிருந்தா வெறும் சாட்சி. வாங்கும்போது கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லப்பா."

"ஏன், ஐயப்பன் இருந்தானே?" என்றாள் விஜயலட்சுமி.

"நீ சும்மா இரு."

"யாரும்மா ஐயப்பன்?" என்று கேட்டார் வக்கீல்.

"எங்க உப்பளத்துல வேலை செஞ்சவன் சார். தன் நெலத்துக்குத் தண்ணி எறைக்க, இவர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டுப் போய்க் கிளியனூர்ல பழைய டீசல் என்ஜின் ஒண்ணைப் பாதி விலைக்கு வாங்கினான். அது திருட்டு என்ஜினாம். பறிகொடுத்தவர் இவருக்கு வேண்டிய உப்பள ஓனர். ‘எம் புருஷனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க’ன்னு ஐயப்பன் பொண்டாட்டி வாசல்ல வந்து அழுதா. இவர் சொல்லல, வேலையை விட்டும் தூக்கிட்டார். அவன் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தான். கேஸ் இன்னும் நடக்குது."

"அவன் வரமாட்டான்" என்றார் தெய்வசிகாமணி, தரையைப் பார்த்தபடி. "வந்தாலும் எனக்கு எதிராத்தான் சொல்லுவான்."

"வேற வழி இல்லண்ணே. நம்பரைக் குடுங்க."

அரை மணி நேரத்தில் ஐயப்பன் வந்தான். வேறு யாரோ ஒருவரின் உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தான். முழங்கால் வரை உப்பு வெளுத்திருந்தது.

வாசலில் நின்ற ஏட்டு சிரித்தார். "ஏம்பா, பழைய பகையைத் தீத்துக்க நல்ல சான்ஸு."

சரஸ்வதி நேராகவே கேட்டார். "உண்மையச் சொல்லு. திருட்டு வண்டின்னு இவருக்குத் தெரியுமா?"

தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாதுங்க மேடம்."

"எப்படிச் சொல்ற?"

"‘நம்பர் தெரியலையே மொதலாளி’ன்னு நான்தான் கேட்டேன். உடனே கீழ குனிஞ்சு, ஒத்த ரூபாக் காசால சொரண்டி சொரண்டிப் பாத்தாரு. ‘துருடா, உப்பு தின்னுட்டுது’ன்னாரு. தெரிஞ்சவரா இருந்தா எதுக்குங்க சொரண்டிப் பாக்கப் போறாரு?"

சரஸ்வதி அவன் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். தெய்வசிகாமணி குற்றவாளி இல்லை, சாட்சி என்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் தெய்வசிகாமணி, ஐயப்பனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"டேய் ஐயப்பா, நீ மனுஷன்டா! சாவற வரைக்கும் இதை மறக்க மாட்டேன்."

"அதெல்லாம் வேணாம் மொதலாளி. தெரியாம வாங்கறவன் படற பாடு எனக்குத் தெரியும். என் கேஸ்ல உங்களையும் சாட்சிக்குக் கூப்பிடுவாங்களாம். ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"சொல்லாம இருப்பனா? கண்டிப்பா சொல்றேன்டா."

சொன்னார்.

2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. திண்டிவனம் கோர்ட்டில், டீசல் என்ஜின் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறிய தெய்வசிகாமணி சொன்னது இதுதான்:

"பாதி விலைக்கு வாங்கினவனுக்குத் தெரியாம இருக்குமாங்க ஐயா?"