குரல் கொடுப்பவர்

"படகை விட்டு இறங்கு! அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" கிளப்பின் படகுத்துறையில் நின்று என் கணவர் கத்தினார்.

"இறங்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு."

பதினோரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்'. துடுப்பை விடவில்லை.

துடுப்புப் போடும் நாங்கள் நால்வரும் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். வழி பார்த்து, 'ஒண்ணு, ரெண்டு' என்று குரல் கொடுப்பவர் மட்டும் தொப்பியோடு, கரைக்கு முதுகு காட்டி, எங்களைப் பார்த்தபடி இருந்தார். நானே பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"இப்பவே அம்மாவுக்குப் போன் போடறேன்!"

"தாராளமா போடுங்க."

போட்டார். தொப்பிக்காரரின் கழுத்தில் தொங்கிய பையில் மணி அடித்தது.

"கரையில நின்னு கத்தாதடா, எண்ணிக்கை தப்புது. ம்... நாலு பேரும் இழுங்க!" என்றார் என் மாமியார்.