நூற்றெழுபது கிராம்

பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணி சதுர மீட்டருக்கு நூற்றெழுபது கிராமைத் தாண்டினால் சுங்கத்தில் அது கனத்த ரகம். வந்திறங்கிய சரக்கை சுங்க ஏஜென்ட் இலேசான ரகம் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். ஏற்கெனவே ஒரு தப்புக்கு எச்சரிக்கை வாங்கியவர். இன்னொன்று என்றால் லைசென்ஸ் போய்விடும்.

கிடங்கில் அதிகாரி உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக் கொடுத்த மாதிரித் துண்டோடு எடை அறை வாசலில் ஏஜென்ட் காத்திருந்தார். மின்விசிறி ஓடவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி போன் செய்தாள். "என்னங்க ஆச்சு?"

"இன்னும் கூப்பிடல. மில்லுல நூத்தறுபத்தொம்பதுன்னுதான் எழுதி அனுப்பியிருக்காங்க. இருந்தாலும் இவங்க நிறுத்துப் பாக்கணுமாம்."

மறுபடி கழுத்தைத் துடைத்தார். உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி துண்டைத் தராசில் வைத்துக் கணக்குப் போட்டார். "நூத்தி எழுபத்தாறு வருதே."

"இருக்கவே இருக்காது சார். மில்லுக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்க."

"தராசும் சொல்லாது."

ஏஜென்டுக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையை எடுக்க பாக்கெட்டில் கையை விட்டார்.

காலையில் மனைவி வைத்த மடிப்புக்கூடக் கலையாமல், துளி ஈரமில்லாமல் அது அப்படியே இருந்தது.

அவர் மெல்லத் தராசைப் பார்த்தார்.